நன்றி யாருக்கு? விசுவாசம் யாருக்கு?

போன மாதம் ஒரு மாணவர் கூட்டத்தில் பேசிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். இரண்டாம் ஆண்டு படிக்கிற ஒரு தங்கை கூடவே வந்தாள். ரொம்ப தூரம் ஒன்றும் பேசவில்லை. பஸ் ஸ்டாண்ட் வாசலில் நின்று கேட்டாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. கல்லறையில செவுரு, தேர் நம்ம தெருவுக்கு வராது, எறையூர்ல நடந்தது, எல்லாத்தையும் நீங்களே மேடையில பேசுறீங்க. அப்புறம் எப்படிக்கா ஞாயித்துக்கெழம பூசைக்குப் போறீங்க? எங்கம்மாவும் அப்படித்தான். ராத்திரி ஆனா முட்டி போட்டு, ஆண்டவருக்கு நன்றின்னு சொல்றாங்க. எதுக்கு நன்றின்னு கேட்டேன். அழுவுறாங்க."

பஸ் வந்துவிட்டது. "போன்ல பேசலாம்மா" என்று சொல்லி ஏறிவிட்டேன். போனில் பேசித் தீர்கிற விஷயம் இல்லை அது. அந்தக் கேள்வியை நானும் என் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். அதனால் அவளுக்கும், அதே கேள்வியோடு திரிகிற மற்ற தம்பி தங்கைகளுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

என் வீட்டுக் கதையிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் ஊர் வட மாவட்டத்தில் ஒரு கத்தோலிக்கக் கிராமம். நாலு தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். நடுவில் கோயில். கோயிலுக்கு வடக்கே அவர்கள் தெரு, தெற்கே நம் தெரு. ஞானஸ்நானத் தொட்டி ஒன்றுதான். கல்லறை மட்டும் இரண்டு. இடையில் ஆள் உயரச் சுவர். நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று சாமியார் முதலில் அந்தப் பக்கம் மந்திரிப்பார். நம் பக்கம் வருவதற்குள் இருட்டிவிடும். சின்ன வயதில் எனக்கு அது பிடிக்கும். இருட்டில் மெழுகுவர்த்தி அழகாகத் தெரியும். ஏன் எப்போதும் நமக்கு மட்டும் இருட்டில் நடக்கிறது என்று கேட்கிற வயது அப்போது இல்லை.

அப்பா 2009இல் இறந்தார். பெரிய தெரு வழியாகப் பிணத்தைக் கொண்டுபோகக் கூடாது, வயல் வழியாகப் போங்கள் என்றார்கள். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கப்பாவும் இதே கோயில்ல பூசை பாத்தவருதான், அந்தத் தெருவுலதான் போவோம்" என்று நின்றான். அடித்தார்கள். தலையில் ஏழு தையல். கடைசியில் வரப்பு மேல்தான் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனோம்.

காவல் நிலையத்துக்குப் போனோம். சாதிச் சான்றிதழைக் கேட்டார்கள். கொடுத்தோம். அதில் பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்று இருந்தது. மதம் மாறிய ஆதிதிராவிடர் தமிழ்நாட்டில் பிசி பட்டியலில்தான் வருவார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உங்களுக்கு வராது என்று சொல்லி, சாதாரணப் பிரிவில் எழுதிக்கொண்டார்கள். அடித்தவர்கள் யாரும் சான்றிதழைப் பார்த்துவிட்டு அடிக்கவில்லை. அவர்களுக்கு எங்கள் தெரு போதுமானதாக இருந்தது. சட்டத்துக்குத்தான் காகிதம் தேவைப்பட்டது.

அந்த வழக்கும் நிற்கவில்லை. "நாமெல்லாம் ஒரே மந்தை, மன்னித்துவிடுங்கள்" என்று பங்கிலிருந்தே பேச வந்தார்கள். அடுத்த ஞாயிறு பிரசங்கம் துன்பத்தைப் பற்றி. சிலுவையைப் பொறுமையாகச் சுமக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்றார். தம்பி தலையில் கட்டோடு எழுந்து வெளியே போனான். அதற்குப் பிறகு அவன் கோயில் படி ஏறவில்லை. இன்றுவரை ஏறவில்லை. அவன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அன்று ராத்திரி அம்மா வழக்கம்போல முட்டி போட்டு, ஜெபமாலை முடித்து, ஆண்டவரே உமக்கு நன்றி என்றார். எனக்கு வயிறு எரிந்தது. அந்த நொடியில், அடித்தவர்கள் மேல் வந்ததைவிட அம்மா மேல்தான் அதிகக் கோபம் வந்தது. அம்மா சொன்ன பதிலைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் இரண்டு வார்த்தைகளைப் பற்றிப் பேச வேண்டும்.

நம் மொழியில் நன்றி, விசுவாசம் என்ற இரண்டு வார்த்தைகளும் சேர்ந்தே புழங்குகின்றன. "நன்றி விசுவாசம் இல்லாத பய" என்று திட்டுவார்கள். என் தாத்தா பண்ணையாளாக இருந்தவர். அவர் செத்தபோது பண்ணை வீட்டிலிருந்து வந்தவர் சொன்ன புகழ்ச்சி, "கடைசி வரைக்கும் விசுவாசமா இருந்தான்" என்பதுதான். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்ற பழமொழியை நம் தெருவில் எத்தனை பேருக்கு எத்தனை முறை சொல்லியிருப்பார்கள்! உப்பு விளைவித்தவர் யார், நெல் அறுத்தவர் யார் என்று அந்தப் பழமொழி கேட்பதில்லை.

அதே விசுவாசம்தான் கோயிலிலும். விசுவாசப் பிரமாணம், விசுவாசிகள் மன்றாட்டு, விசுவாச வாழ்வு. பண்ணையாரிடம் காட்ட வேண்டியதற்கும் கடவுளிடம் வைக்க வேண்டியதற்கும் நம் காதில் ஒரே சொல். இதை யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தக் குழப்பத்தால் யாருக்கு லாபம் என்று பாருங்கள். கடவுளுக்கு நன்றி சொல் என்று மேடையிலிருந்து சொல்லும்போது, கேட்கிறவன் காதில் ஊருக்கு அடங்கி இரு என்றும் சேர்ந்தே விழுகிறது. அந்தத் தங்கையின் கோபம் இங்கேதான் பிறக்கிறது. அது நியாயமான கோபம்.

இந்த விசுவாசத்துக்கு நம் மக்கள் கொடுத்த விலையையும் இளையவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் பட்டியல் சாதிகள் ஆணையை வெளியிட்டார். அதன் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத மதத்தைப் பின்பற்றுகிறவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956இல் சீக்கியருக்கும், 1990இல் பௌத்தருக்கும் அந்தக் கதவைத் திறந்தார்கள். கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. ஆகஸ்ட் 10ஐ நாம் கறுப்பு நாளாகக் கடைப்பிடிப்பது இதற்காகத்தான்.

சென்னையில் சூசை என்று ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளி இருந்தார். சாலையோரத்தில் உட்கார்ந்து வேலை செய்தவர். அதே இடத்தில் அதே வேலை செய்த மற்ற தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாக பங்க் கடை கொடுத்தது. அவர்கள் இந்து ஆதிதிராவிடர்கள். இவர் கிறிஸ்தவர் ஆனதால் இவருக்கு இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கிறிஸ்தவத்துக்குப் போன பிறகும் அதே அளவுக்குச் சாதிக் கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985இல் தீர்ப்பு வந்தது. ஒரு செருப்புத் தொழிலாளி தன் தீண்டாமைக்கு ஆதாரம் கொண்டுவர வேண்டியிருந்தது. எங்கள் ஊர்க் கல்லறைச் சுவரைப் பெயர்த்து டெல்லிக்கு அனுப்பியிருக்கலாம்.

ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கலாம் என்று 2007இல் பரிந்துரைத்தது. 2009இல் அது நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது, அதோடு சரி. 2004இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு இருபது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. 2022இல் பாலகிருஷ்ணன் ஆணையம் அமைத்தார்கள், பிறகு அதற்குக் கால நீட்டிப்பு கொடுத்தார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2024 நவம்பர் 26, அரசியலமைப்பு நாள். அன்றைக்குத்தான், கிறிஸ்தவத்தைப் பின்பற்றிக்கொண்டே இடஒதுக்கீட்டுக்காக இந்து என்று சொல்வது அரசியலமைப்பின் மீதான மோசடி என்று ஒரு புதுச்சேரிப் பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், ஞானஸ்நானத்தில் ஒரு பெயர் என்று வாழ்கிற நம் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். வேலைக்காக மதத்தை மறைத்தால் மோசடி. மறைக்காமல் இருந்தால் சட்டப் பாதுகாப்பு இல்லை. இந்த நிலையில் உட்கார்ந்திருக்கிறவரிடம் வந்து நன்றியோடு இரு என்று சொல்வதற்கு ஒருவருக்குத் துணிச்சல் வேண்டும்.

வெளியில் அரசு இப்படி என்றால் உள்ளே திருச்சபை எப்படி? 2008 மார்ச்சில் உளுந்தூர்பேட்டை பக்கத்து எறையூரில், தங்களுக்குத் தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. தாக்கியவர்களும் கத்தோலிக்கர்கள். துப்பாக்கிச்சூடு நடந்தது, இரண்டு உயிர் போனது. 2003இலேயே போப் இரண்டாம் ஜான் பால் தமிழக ஆயர்களிடம் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசியிருந்தார். ரோமிலிருந்து பேசியது எறையூருக்கு வந்து சேரவில்லை. 2022இல் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். மகிழ்ச்சிதான். ஆனால் அதற்கு 2022 வரை ஆகியிருக்கிறது.

அம்பேத்கர் இதையெல்லாம் அன்றைக்கே பார்த்தார். மதம் மாறியவர்களின் நிலையைப் பற்றி எழுதும்போது அவர் வைத்த குற்றச்சாட்டு கடுமையானது. தன் இழிநிலைக்குக் காரணம் தன்னைச் சுற்றியுள்ள சமூக அமைப்பு என்று பார்க்க விடாமல், தன் பாவமே காரணம் என்று போதனை அவனை நம்ப வைக்கிறது. அதனால் அவன் அந்த அமைப்பை எதிர்த்துப் போராடுவதில்லை. இதைப் படிக்கும்போது எனக்கு வலிக்கும். வலித்தாலும் மறுக்க மாட்டேன். என் தம்பி தலையில் கட்டோடு கேட்ட பிரசங்கம் இந்தக் குற்றச்சாட்டுக்குச் சாட்சி.

அப்படியானால் நான் ஏன் இன்னும் போகிறேன்?

அம்மா சொன்ன பதிலை இப்போது சொல்கிறேன். "எதுக்கும்மா நன்றி சொன்ன? செவுத்துக்கா, தம்பி மண்டையில போட்ட தையலுக்கா?" என்று கத்தினேன். அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

"உங்கப்பன மண்ணுல சேத்துட்டோம்ல? நாப்பது பேரு சேத்துல எறங்கி, வரப்பு மேல மாத்தி மாத்தித் தோள் குடுத்தானுவோ. ஒருத்தன் ஓடல. அதுக்குச் சொன்னேன். அந்தச் செவுத்துக்கா நான் நன்றி சொல்லுவேன்? அத இடிக்கணும்னுதான் தெனம் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

எனக்கு அப்போது பேச்சு வரவில்லை. அத்தனை வருடம் அம்மாவின் ஜெபத்தை நான் காது கொடுத்தே கேட்டதில்லை என்று புரிந்தது. அதற்குப் பிறகு கேட்டேன். அதில் பெயர் பெயராக வரும். கஞ்சி கொடுத்த பக்கத்து வீட்டுக்காரி, தையல் போட்ட நர்ஸ், தம்பியை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனவர். அதே ஜெபத்தில் சுவரும் வரும், அடித்தவர்களும் வருவார்கள். அவர்களுக்கு என்ன கேட்கிறார் என்பது ஆண்டவருக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். ஆனால் ஒருநாளும் சுவரை நன்றிப் பட்டியலில் அம்மா சேர்த்ததில்லை.

பிரசங்கத்தில் வந்த நன்றியும் அம்மாவின் நன்றியும் வேறு வேறு. அது கொடுமைக்கே நன்றி சொல்லச் சொன்னது. அம்மா கொடுமைக்கு நடுவில் நின்றுகொண்டு, அந்தக் கொடுமையால் பிடுங்க முடியாமல் போனவற்றுக்கு நன்றி சொன்னார். பவுல் தெசலோனிக்கருக்கு எழுதிய கடிதத்தில் எந்த நிலையிலும் நன்றி செலுத்தச் சொல்கிறார். வேதாகமம் படித்த தம்பி ஒருவன், எபேசியர் கடிதத்தில் எல்லாவற்றுக்காகவும் என்று இருக்கிறதே என்று மடக்குவான். மடக்கட்டும். அதே பவுல் என்ன செய்தார் என்று பார்த்தால் அவர் சொன்னதற்கு அர்த்தம் தெரியும்.

பிலிப்பி நகரத்தில் பவுலையும் சீலாவையும் விசாரணை இல்லாமல் அடித்துச் சிறையில் போடுகிறார்கள். காலில் தொழுமரம். நடு ராத்திரியில் இருவரும் கடவுளைப் புகழ்ந்து பாடுகிறார்கள். நிலநடுக்கம் வருகிறது, கதவு திறக்கிறது. நான் கேட்ட பிரசங்கங்களில் பெரும்பாலானவை இத்தோடு முடிந்துவிடும். ஆனால் கதைக்கு ஒரு காலைப் பொழுது இருக்கிறது. விடிந்ததும் அதிகாரிகள் ஆள் அனுப்பி, சத்தம் இல்லாமல் போய்விடச் சொல்கிறார்கள். பவுல் போக மறுக்கிறார். நாங்கள் ரோமக் குடிமக்கள், விசாரிக்காமல் ஊர் முன்னால் அடித்துவிட்டு இப்போது ரகசியமாக அனுப்பப் பார்க்கிறீர்களா, அடித்தவர்களே நேரில் வந்து எங்களை வெளியே அழைத்துப் போகட்டும் என்கிறார். அவர்கள் பயந்துபோய் வந்து சமாதானம் பேசி அழைத்துப் போகிறார்கள். ராத்திரி பாடிய அதே மனிதர்தான் காலையில் குடியுரிமையைக் கேட்டார். ஒன்று மற்றதைத் தடுக்கவில்லை. எங்கள் பங்கில் சமாதானம் பேச வந்தவர்கள் இந்த அதிகாரத்தைக் கடைசி வரை படித்திருந்தால் எங்களிடம் வந்திருக்க மாட்டார்கள், அடித்தவர்களிடம் போயிருப்பார்கள்.

யோபு கதையிலும் இதுதான். துன்பம் வந்தவனிடம் நண்பர்கள் வந்து, நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், பணிந்து போ என்கிறார்கள். யோபு கடவுளிடமே வழக்காடுகிறான். கடைசியில் கடவுள் கோபப்படுவது அந்த நண்பர்கள் மேல். யோபு பேசியதே சரி என்கிறார். இயேசுவும் சிலுவையில் கைவிடப்பட்டதாகக் கதறிவிட்டுத்தான் செத்தார். கதறுவது விசுவாசக் குறைவு என்றால் அவருக்கும் அந்தக் குறை இருந்தது.

பெரியார் இயக்கத் தோழர் ஒருவர் என்னிடம் சொல்வார்: "நன்றி சொல்ற பழக்கமே அடிமைப் பழக்கம் தோழர். உரிமைக்கு எதுக்கு நன்றி?" உரிமைக்கு நன்றி வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். அரசு கொடுக்கிற பட்டாவுக்கு யார் காலிலும் விழ வேண்டியதில்லை. ஆனால் ஏப்ரல் 14 அன்று அம்பேத்கர் சிலை முன்னால் நின்று நாம் என்ன செய்கிறோம்? பெற்றதை நினைத்து நெஞ்சு நிறைகிறோமே, அது அடிமைத்தனமா? நன்றி சொன்னதும் முதுகு வளைகிறதா, நிமிர்கிறதா என்று பார்த்தால் போதும். பண்ணைக்குச் சொன்ன நன்றியில் தாத்தாவின் முதுகு வளைந்தது. அம்மாவின் ஜெபம் அவரைக் கலெக்டர் ஆபீஸ் வரை நடத்திக்கொண்டு போனது. எத்தனை திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில், ஒரு கையில் மனுவும் ஒரு கையில் ஜெபமாலையுமாக வரிசையில் நின்றிருக்கிறார் தெரியுமா?

ஸ்டேன் சாமியை நினைத்துக்கொள்ளுங்கள். திருச்சி மாவட்டத்து விரகலூரில் பிறந்து, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளின் நில உரிமைக்காக வாழ்ந்த இயேசு சபைக் குரு. 2020 அக்டோபரில் 83 வயதில் கைது செய்தார்கள். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும். தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் வைத்த குவளைக்கு நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. ஜாமீன் கிடைக்காமலே 2021 ஜூலை 5 அன்று இறந்தார். தலோஜா சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதத்தில் தனக்குச் சாப்பிடவும் குளிக்கவும் உதவிய சக கைதிகளைப் பற்றி நெகிழ்ந்து எழுதினார், அவர்களுக்காக வேண்டிக்கொள்ளச் சொன்னார். சிறைக்கு நன்றி சொல்லவில்லை. தன்னை ஏன் அடைத்தார்கள் என்ற கேள்வியை அவர் கடைசி வரை விடவும் இல்லை.

இயக்கத்தில் பதினைந்து வருடம் இருக்கிறேன். கோபத்தோடு மட்டும் வந்த பலர் மூன்றாம் வருடத்தில் உடைந்து போனதைப் பார்த்திருக்கிறேன். சிலர் குடித்தார்கள், சிலர் நம் தோழர்கள் மேலேயே பாய்ந்தார்கள். கோபம் வேண்டும். ஆனால் நாற்பது பேர் தோள் கொடுத்ததை நினைவில் வைத்துக்கொள்ளாத கோபம் நம்மையே தின்றுவிடும். எனக்கு அந்த நினைவு ஜெபத்தில் கிடைக்கிறது. உங்களுக்கு வேறு இடத்தில் கிடைக்கலாம்.

கோயிலை விட்டு வெளியே வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பாமா கன்னியர் மடத்துக்குள் போய், அங்கே இருந்த சாதியைப் பார்த்து வெளியே வந்து, 1992இல் 'கருக்கு' எழுதினார். என் தம்பியும் வெளியே வந்தவன்தான். நீங்கள் வந்ததற்கு யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் முட்டி போட்டிருக்கிற அம்மாக்களைப் பார்த்து மூடத்தனம் என்று சிரிக்காதீர்கள். முதலில் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.

உள்ளே இருக்கிறவர்களுக்குக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும். நன்றி சொல்லிவிட்டு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டால் அம்பேத்கர் சொன்னது நம்மைப் பற்றித்தான் என்று ஆகிவிடும். உங்கள் பங்கில் கல்லறை ஒன்றா இரண்டா என்று பாருங்கள். இரண்டு என்றால் பங்குப் பேரவையில் எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். தேர் எந்தத் தெருவில் திரும்புகிறது, திருச்சபைப் பள்ளி வேலையில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கணக்கெடுங்கள். மூன்றாம் பத்தியைப் பற்றி இளையோர் மன்றத்தில் பேசுங்கள். பறையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்த மதுரை இறையியல் கல்லூரியின் பறட்டை தியாபிலஸ் அப்பாவுவைப் படியுங்கள். நம் பாட்டும் நம் அழுகையும் பீடத்துக்கு ஏற முடியும் என்று காட்டிவிட்டுப் போனவர் அவர்.

எங்கள் ஊர்ச் சுவர் இன்னும் இருக்கிறது. அம்மாவும் மற்றவர்களும் மனு மேல் மனு போட்ட பிறகு அதில் ஒரு கேட் வைத்தார்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்காதீர்கள். போன நவம்பர் 2 அன்று ராத்திரி, அப்பா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு அம்மா அந்தச் சுவர்ப் பக்கம் போனார். கையை வைத்துத் தட்டிப் பார்த்தார். "பூச்சு உதுருது" என்றார். அப்புறம் முட்டி போட்டார். தம்பி கோயிலுக்குத்தான் வரமாட்டான், கல்லறைக்கு வருவான். அவன் அம்மாவுக்குப் பக்கத்தில், காற்றில் அணையாமல் மெழுகுவர்த்திக்குக் கையைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

தங்கைக்கு: இன்றைக்கு ராத்திரி உன் அம்மாவிடம் எதுக்கு நன்றி என்று திரும்பவும் கேள். ஆனால் இந்த முறை சண்டை போடுவது போலக் கேட்காதே. யார் யாருக்கு என்று கேள். பெயர்கள் வரும். அதில் ஒன்றாவது உன் பெயராக இருக்கும்.

ஜெய்பீம்.